சாமி லைட்டும் சுடுதண்ணிச் சுவிட்சும்

ஹீட்டர் வந்து இரண்டு வாரமாகியும் பெட்டியைப் பிரித்தபாடில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே அரிசி வாளியின் மேல் அது உட்கார்ந்திருந்தது. கைகழுவப் போகும்போதெல்லாம் ரங்கசாமி அதில் முழங்கையை இடித்துக்கொண்டார். இடித்துக்கொள்ளும்போதெல்லாம் வீட்டில் இருக்கிற ஒரே ஆளைத் திட்டினார். அந்த ஒரே ஆள் அவர் மனைவி விஜயராணி. திட்டு எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சிகாமட்டில் மகள் கலைமகளுக்கு வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது முறை. ஆனால் சம்பந்தியம்மாள் ராமாத்தாள் போன மாதக் கடைசியில் போனில் ஒரு பேச்சு போட்டு வைத்திருந்தாள்.

"சம்பந்திக்குக் கை இப்படி இருக்கு. பிள்ளை பெத்தவளுக்கு வேளா வேளைக்குச் சுடுதண்ணியை யாரு தூக்கி ஊத்துவா? முடியலன்னா சொல்லிடுங்கண்ணே. நாங்க இங்கயே வச்சுப் பாத்துக்கிறோம்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அந்த 'முடியலன்னா' ரங்கசாமிக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. மறுநாளே ஜாசினுக்குப் போய் ஹீட்டரை வாங்கி வந்துவிட்டார். சுவிட்சைத் தட்டினால் சுடுதண்ணி கொட்டும். பானையும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பூட்டிவிட்டால் மகள் இங்கே வருவாள். இல்லையென்றால் சொந்தப் பேரப்பிள்ளையை விருந்தாளி மாதிரி சிகாமட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

விஜயராணிக்குப் போன தீபாவளிக்கு முன்னால் ஒரு காலையில் வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தாள். கோணிய வாய் நேரானது, நடை திரும்பியது. கை மட்டும் பாதி வழி வந்து நின்றுவிட்டது. வெங்காயம் உரிப்பாள், துணி மடிப்பாள். தண்ணீர்ப் பானையைத் தூக்க மாட்டாள். அவள் கையைப் பற்றி ரங்கசாமி யோசித்ததெல்லாம் அந்தப் பானையோடு முடிந்துவிட்டது. அதற்குமேல் யோசிக்க அவருக்கு நேரமும் இல்லை. விடிவதற்குள் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரியை எடுத்துக்கொண்டு போனால் மதியச் சோற்றுக்குத்தான் வருவார்.

ரங்கசாமி லாரிக்கு லீவு போட்டிருந்த செவ்வாய்க்கிழமை காலையில் தாரிக் வந்தான். பாச்சாங்கில் சின்னதாக ஒரு வயரிங் கடை வைத்திருக்கிறான். நாற்பது வயதுக்காரன், கைசுத்தமான ஆள், வாய் கொஞ்சம் நீளம். இவர்கள் வீடிருக்கும் நியாலாஸ் வரைக்கும் வரமாட்டேன் என்று முதலில் முறுக்கிக்கொண்டவனை ரங்கசாமிதான் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தார். தோட்டத்தை விட்டு வந்தவர்களாகச் சேர்ந்து வாங்கிய மலிவு விலை வீட்டு வரிசை அது. தாரிக் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருந்த மெயின் பெட்டியைத் திறந்து மூடினான்.

"அண்ணே, இது குசினி பிளக்குல மிக்சி மாதிரி சொருகுற சாமான் இல்ல. பெட்டியிலேர்ந்து தனி வயர் இழுக்கணும், நல்ல தடிச்ச வயர். சுவிட்சு குளிக்கிற ரூமுக்கு வெளியில இருக்கணும். ஈரக் கையோட உள்ள நின்னுக்கிட்டுத் தட்டுற மாதிரி வச்சா நான் ராத்திரி தூங்க முடியாது."

"நீ எப்படிச் சொல்றியோ அப்படிச் செய்யி தம்பி. இன்னைக்கே முடிஞ்சிருமா?"

"மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும் லா. மெயினை அடைச்சு கரண்டை நிறுத்திட்டு ஆரம்பிக்க வேண்டியதுதான்."

அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த விஜயராணி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"மெயினை அடைக்கக் கூடாது."

தாரிக் ரங்கசாமியைப் பார்த்தான். ரங்கசாமி விட்டத்தைப் பார்த்தார். வரப்போவது என்னவென்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நடுவீட்டுச் சாமி மேடையில் மாரியம்மன் படத்துக்கு முன்னால் சிவப்பாக ஒரு சின்ன பல்பு எரியும். எல்லா வீட்டிலும் எரிகிற சாமி லைட்டுதான். மகளுக்கு ஐந்தாம் மாதம் என்று சேதி வந்த அன்று, பிள்ளை நல்லபடியாகப் பிறக்கிற வரைக்கும் இந்த லைட்டு அணையாது தாயே என்று விஜயராணி வேண்டிக்கொண்டாள். சுவிட்சின் மேல் மஞ்சள் துணி சுற்றி வைத்திருந்தாள். ரங்கசாமி அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அதட்டுவாள்.

"அக்கா, ரெண்டு மணி நேரம்தான்," என்றான் தாரிக். "அதுவரைக்கும் ஒரு எண்ணெய் விளக்கு ஏத்தி வச்சுக்குங்களேன்."

"எண்ணெய் விளக்கு காத்துல அணைஞ்சா நீ பொறுப்பா தம்பி?"

"கதவைச் சாத்திக்கலாம்."

"கரண்டு இல்லாம கதவையும் சாத்திட்டா நீ எப்படி வேலை பார்ப்ப?"

ரங்கசாமிக்கு ஒரு யோசனை வந்தது. "பக்கத்துல மோகனா வீட்டுலேர்ந்து ஒரு நீள வயர் போட்டு லைட்டுக்கு மட்டும் கரண்டு எடுத்துக்கலாம்ல?"

"அவங்க வீட்டுல சின்னமாமன் செத்து இன்னும் கருமாதி முடியல. தீட்டு வீட்டுக் கரண்டுல சாமி லைட்டு எரியணுமா?"

"கரண்டுக்கு என்னடி தீட்டு? எல்லாம் ஒரே கம்பத்துலேர்ந்துதானே வருது."

"கம்பத்துல வரும்போது தீட்டு இல்ல. அவங்க வீட்டுக்குள்ள போய் வந்தா தீட்டு."

"அப்ப அந்தப் பக்கத்து வீடு?"

"அவங்க பாலெக் கம்போங்னு சொந்த ஊருக்குப் போயிட்டாங்க. வீடு பூட்டியிருக்கு."

ஒன்று சொன்னால் ஒன்று வைத்திருந்தாள். பேட்டரி விளக்கு என்றான் தாரிக். அது வேண்டிக்கொண்ட விளக்கு இல்லை என்றாள். பல்பைக் கழற்றாமல் அந்த வயரை மட்டும் தனியாகப் பிரித்துத் தரட்டுமா என்றான். பிரிப்பதற்கு மெயினை அடைக்க வேண்டாமா என்று திருப்பிக் கேட்டாள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அன்றைக்கு வக்கீலாக நின்று பேசினாள். கடைசியில் தாரிக் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டான்.

"கரண்டு ஓடுற பெட்டியில நான் கை வைக்க மாட்டேன் அண்ணே. எனக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு போன்ல கோல் பண்ணுங்க. வயரை இங்கயே வச்சிட்டுப் போறேன்."

வேன் திரும்பிப் போகிற சத்தம் அடங்குகிற வரைக்கும் ரங்கசாமி வாசலிலேயே நின்றார். கோபம் வந்தால் அவருக்குப் பேச்சு அடைத்துக்கொள்ளும். அன்று நெத்திலிச் சம்பாலைத் தொடாமல் வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு, தட்டைத் தொட்டியில் போட்ட சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

புதன்கிழமை கோபத்திலேயே போனது. வியாழக்கிழமை லாரியில் வரும்போது அவருக்குள் பழைய ரங்கசாமி எழுந்துகொண்டான்.

அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் யார் வயர்மேனைக் கூப்பிட்டார்கள்? எல்லா வீட்டுக்கும் வயர் இழுத்தது அவரும் கூட வேலை பார்த்த முனுசாமியும்தான். கல்யாணப் பந்தலுக்கு லைட்டு, திருவிழாவுக்கு ரேடியோ செட்டு, எல்லாம் அவர் கைதான். மெயினை அடைக்கிற பழக்கமே கிடையாது. ஏனென்றால் அடைக்க அங்கே எதுவும் இருக்காது. ஆலையில் இஞ்சின் ஓடினால்தான் லயத்துக்குக் கரண்டு. பொழுது சாய்ந்தால் ஓட்டுவான், சாப்பிட்டுப் படுக்கிற நேரத்துக்கு நிறுத்திவிடுவான். பகலில் வயரைப் பல்லால் கடித்துச் சீவினாலும் ஒன்றும் செய்யாது. அந்தத் தைரியம் ரங்கசாமியின் கையில் அப்படியே தங்கிவிட்டது. தோட்டம் போய், இஞ்சின் போய், இருபத்துநாலு மணி நேரக் கரண்டு வந்து எத்தனையோ வருஷமான பிறகும் பகல் வெளிச்சத்தில் வயரைப் பார்த்தால் அது செத்த வயர் என்றே அந்தக் கை நம்பியது. இந்த மாதிரி நம்பி அடிவாங்கிய பழைய தோட்டத்து ஆட்கள் அந்த வரிசையிலேயே இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். யாரும் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

வீட்டுக்கு வந்தபோது விஜயராணி மோகனா வீட்டுக்குக் கருமாதி வேலைக்குப் போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று என்று சட்டையைக் கழற்றிப் போட்டார். மத்தியான மழை கொட்டிவிட்டு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பின்பக்கத் தகரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் குசினித் தரை வரைக்கும் வந்திருந்தது. புதுச் சுவிட்சை எடுத்துக் குளியலறைக்கு வெளியே தோள் உயரத்தில் ஆணி அடித்துப் பூட்டினார். நேராகத்தான் இருந்தது. சுவரோரமாக வயரை ஓட்டி கிளிப் அடித்தார். சுத்தமான வேலை. அவருக்கே தன் கைமேல் கொஞ்சம் பெருமை வந்தது. மெயின் பெட்டிப் பக்கம் போகவில்லை. போனால்தானே லைட்டு அணையும்? குசினி பிளக்கின் முகத்தைத் திறந்து, பின்னால் இருக்கிற வயரோடு இதை முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலில் ரப்பர் செருப்பு இருந்தது. கரண்டு என்ன செய்யும்?

செருப்பு சரிதான். இடது முழங்கையைப் பாத்திரம் கழுவும் எஃகுத் தொட்டியின் விளிம்பில் ஊன்றியிருந்ததுதான் அவர் கவனத்தில் இல்லை.

என்ன நடந்தது என்று அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. யாரோ தோளைப் பிடித்து உலுக்கித் தள்ளிய மாதிரி இருந்தது. ஸ்டூல் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். காற்றாடி நின்றது, குளிர்பெட்டி உறுமிவிட்டு அடங்கியது. தரையில் உட்கார்ந்தபடி கையைப் பார்த்தார். விரல்கள் ஐந்தும் இருந்தன. நடுவீட்டைப் பார்த்தார். சாமி லைட்டு அணைந்திருந்தது.

கரண்டு அடித்ததைவிட அதுதான் அவருக்குப் பகீரென்றது. வந்து பார்த்தால் இவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள், மகளுக்கு ஏதாவது ஒன்று என்றால் ஆயுசுக்கும் தன் தலையில்தான் போடுவாள் என்று நினைத்துக்கொண்டே எழ முயன்றார்.

ஸ்டூல் விழுந்த சத்தத்துக்கு விஜயராணி ஓடி வந்தாள். அவரைப் பார்த்தாள், பிளக்கைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள்.

"உசுரு இருக்குல்ல?"

"இருக்கு."

"கையைக் காட்டுங்க."

காட்டினார். புரட்டிப் பார்த்தாள். துடைப்பத்துக் குச்சியால் வயர் முனையைப் பிளக்கிலிருந்து தட்டி விலக்கினாள். பிறகு நேராக வாசலுக்குப் போய், மெயின் பெட்டியைத் திறந்து, கீழே விழுந்திருந்த சுவிட்சுக் கட்டையை இடது கையால் சடக்கென்று மேலே தள்ளினாள். காற்றாடி சுற்றியது. சாமி லைட்டு எரிந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய் மைலோ கலக்க ஆரம்பித்தாள்.

ரங்கசாமிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. மைலோவைப் பாதி குடிக்கும்போதுதான் உறைத்தது.

"ராணி."

"ம்."

"எந்தக் கட்டையைத் தள்ளணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் மைலோ டின்னை மூடினாள்.

"கன்னத்துல போட்டுக்கல, சூடம் கொளுத்தல. பழகுன ஆளு மாதிரி போய்த் தள்ளிட்டு வர்ற."

"இடி இடிச்சா அது விழும். நீங்க லாரியில இருப்பீங்க. குளிர்பெட்டியில மீன் கெட்டுப் போயிரும்ல, நான் தள்ளிவிடுவேன்."

"எத்தனை தடவை விழுந்திருக்கு?"

"எண்ணிக்கிட்டா இருப்பாங்க?"

"வேண்டிக்கிட்ட பொறவுமா?"

"இந்த வாரமே ரெண்டு தடவை."

ரங்கசாமி குவளையைக் கீழே வைத்தார். பேச்சு அடைத்துக்கொள்கிற ஆளுக்கு அன்றைக்கு அடைக்கவில்லை.

"அப்ப அன்னைக்கு அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்த பையன் முன்னால என்ன கூத்துடி அது? தீட்டுங்கிற, காத்துங்கிற, கம்பங்கிற. இடிக்கு அணைஞ்சா சாமிக்குக் கோவம் இல்ல, ஹீட்டருக்கு அணைஞ்சா மட்டும் கோவமா? நான் இப்ப செத்திருந்தா? ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்குப் போகாம எனக்குக் கருமாதி பண்ணிக்கிட்டு இருந்திருப்ப. பெத்த பொண்ணு வரக் கூடாதுன்னு நினைக்கிற தாயை நான் இப்பத்தான் பாக்குறேன்."

கடைசி வார்த்தையைச் சும்மா கோபத்தில் வீசினார். அது போய்ச் சரியான இடத்தில் விழுந்துவிட்டது. விஜயராணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வலது கையை எடுத்து இடது கையால் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா. வரக் கூடாதுன்னுதான் நினைச்சேன்."

வெளியே தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"சுடுதண்ணிக்கு ஹீட்டர் வாங்கிட்டீங்க. பிள்ளைக்கு?"

"பிள்ளைக்கு என்ன?"

"பொறந்ததும் என் கையிலதான் குடுப்பா. காலை நீட்டிப் போட்டுக் குளிப்பாட்டணும், தூக்கிச் சாம்பிராணி போடணும். போன வாரம் மோகனா அவ பேத்தியைக் குடுத்துட்டு உள்ள போனா. ஏந்திக்கிட்டுத்தான் இருந்தேன். கை மரத்துப் போச்சு. எப்ப விட்டேன்னு எனக்கே தெரியலங்க. நல்ல வேளை, சோபாவுல விழுந்துச்சு. அது சிரிச்சுக்கிட்டே கெடக்கு. எனக்கு உசுரே போயிருச்சு. மோகனா பாக்கல. நான் யாருகிட்டயும் சொல்லல."

ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு, இவள் இப்படி ஒன்றைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள் என்பது ரங்கசாமிக்கு வலித்தது. வலித்ததும் மறுபடியும் கோபம்தான் வந்தது.

"இதை என்கிட்ட முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா என்னால முடியலன்னு ஆயிரும். ஹீட்டர் பூட்ட முடியாம அவ அங்கயே இருந்துட்டா, பழி ஹீட்டர் மேல போயிரும். என் கை மேல வராது."

"கலைகிட்டச் சொல்லுவோம். புரிஞ்சுக்குவா."

"நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சொல்றதா இருந்தா நான்தான் சொல்லணும்."

"எப்ப சொல்லுவ?"

"அந்தப் பையனை நாளைக்கு வரச் சொல்லுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் எழுந்து குசினித் தரையைத் துடைக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் தாரிக் வந்து சேர்ந்தான். சுவரில் ரங்கசாமி ஓட்டியிருந்த வயரையும் திறந்து கிடந்த பிளக்கையும் பார்த்தான்.

"யாரு செஞ்சது அண்ணே?"

"ஏன், நேராத்தானே இருக்கு?"

"நேரா இருக்கு. அடுத்த பிரேதமும் நேராப் போயிருக்கும். எல்லாத்தையும் கழட்டணும் லா. இந்தச் சுவிட்சு மட்டும் இருக்கட்டும், நல்ல இடம்தான்." பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "மெயினுக்கு என்ன முடிவு?"

"நான் அடைக்கிறேன்," என்றாள் விஜயராணி.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். சாமி மேடைக்கு முன்னால் நின்று என்னவோ முணுமுணுத்தாள். வாசலுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். முந்தின நாள் சடக்கென்று தள்ளிய இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். வலது கையைத் தூக்கினாள்.

ரங்கசாமிக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கையால் முடிந்தால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

மெயின் கட்டை இடிக்கு விழுகிற கட்டை மாதிரி இல்லை; பழசு, இறுகிப் போனது. கட்டை விரலை அதன் தலையில் வைத்து அழுத்தினாள். விரல் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. மறுபடியும் தூக்கி வைத்தாள். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் பலம் வந்தது. மணிக்கட்டுக்கு வந்ததும் எங்கேயோ வடிந்து போனது. கழுத்து நரம்பு புடைத்தது. தாரிக் எதுவும் தெரியாதவன் மாதிரி டிரில்லுக்கு முனை மாட்டிக்கொண்டிருந்தான்.

"விடு ராணி, நான் அடைக்கிறேன்."

"சும்மா இருங்க."

இன்னொரு தடவை அழுத்தினாள். கட்டை அசைவது போல இருந்தது, அசையவில்லை. நாலு விரலையும் கொக்கியாக மாட்டி இழுத்துப் பார்த்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. நெற்றி வேர்வை புருவத்தில் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இடது கையை முன்னால் கொண்டுவந்து ஒரே அழுத்தாக அழுத்தினாள்.

டக்கென்று வீடு அடங்கியது. காற்றாடி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. சாமி மேடையில் சிவப்பு இல்லை.

தாரிக் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்டு இல்ல, ஆரம்பிக்கலாம்," என்றான்.

"கொஞ்சம் இரு தம்பி," என்றாள் விஜயராணி. அவள் வலது கை தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதை மறைக்கவில்லை. "இந்தாங்க, கலைக்குப் போன் போடுங்க."

ரங்கசாமி எண்ணைத் தட்டி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்களே பிடிங்க."

அந்தப் பக்கம் மகள் எடுத்து, "அம்மா, ஹீட்டர் பூட்டியாச்சா?" என்றாள். விஜயராணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ரங்கசாமி குனிந்து போனை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"இன்னைக்குப் பூட்டிரும் கண்ணு. அம்மா பேசுறேன். போனை அப்பாதான் பிடிச்சிருக்காரு. ஏன்னு சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் நீ வர்றதா வேணாமான்னு சொல்லு."